முரடு ஒன்று, சொற்கள் பல

பொத்துவிலிலிருந்து வடக்கே திருக்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே கோமாரி என்னும் சிற்றூர் உள்ளது. கிழக்கே கடல், அருகே களப்பு, அப்பால் வயல்வெளி. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரைப் பெரிதும் அழித்துச் சென்றது. அடுத்த ஆண்டில், தகரக் கொட்டில் ஒன்றிலே அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சில மாத காலம் ஆங்கிலம் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

ஒருநாள், “என் தந்தை” என்னும் தலைப்பில் ஆங்கிலத்திலே பத்து வரி எழுதுமாறு பணித்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பழைய அகராதி ஒன்றைப் பலமுறை புரட்டிப் பார்த்து எழுதி முடித்தாள். அன்று வகுப்பைக் காண வந்திருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் அக்கொப்பியை எடுத்து வாசித்தார். வாசித்தவரின் முகம் மாறிற்று. என்னைத் தனியே அழைத்து, “இச்சிறுமியை வீட்டில் அடிக்கிறார்களா? உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டாமா?” என்று கேட்டார்.

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். “மை ஃபாதர் இஸ் எ ஹார்ஷ் மேன். ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆர் ரூட்” என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ‘என் தந்தை கொடுமையானவர், அவருடைய கைகள் மரியாதை கெட்டவை’ என்பதே ஆங்கிலம் அறிந்தவர் அதனாற் கொள்ளும் பொருள்.

சிறுமியைக் கூப்பிட்டு, எழுதியதைத் தமிழிலே சொல்லுமாறு கேட்டேன். “சேர், அப்பா கடுமையாக உழைக்கிறவர். வலை இழுத்து இழுத்து அவருடைய கைகள் முரடாகிவிட்டன. அதைத்தான் எழுதினேன்” என்றாள்.

வந்தவருக்கு நான் விளக்கிச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே சிறுமியின் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆயினும் அச்சம்பவம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. விளக்கிச் சொல்ல அங்கே ஒருவர் இல்லாதிருந்தால், நல்லவர் ஒருவர்மேல் பெரும்பழி விழுந்திருக்கும். சொல் ஒன்று தவறியதன் பயன் அது.

அகராதியின் குற்றமா?

அச்சிறுமி அகராதி சொன்னபடியே நடந்தாள். ‘கடுமை’ என்ற இடத்திலே ‘ஹார்ஷ்’ இருந்தது. ‘முரடு’ என்ற இடத்திலே ‘ரூட்’ இருந்தது. அகராதி பொய் சொல்லவில்லை. கடுஞ்சொல் ‘ஹார்ஷ்’ ஆனதுதான். முரட்டுப் பேச்சு ‘ரூட்’ ஆனதுதான். ஆனால் கடின உழைப்பு ‘ஹார்ஷ்’ அன்று. காய்த்துப்போன கை ‘ரூட்’ அன்று.

நம்மவர் பழங்காலத்திலே நிகண்டு கற்றனர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அது தொகுத்துத் தரும். ஆங்கிலேயருக்கும் அத்தகைய நூல் உண்டு. பீற்றர் மார்க் ரொஜே என்னும் மருத்துவர் 1852 இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் அவ்வகையில் முதன்மையானது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்வோர்க்கு, யாழ்ப்பாணத்து உடுவிலிலே பணிபுரிந்த வின்ஸ்லோ பாதிரியார் 1862 இற் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கிலப் பேரகராதி நெடுங்காலம் துணைநின்றது. இவையெல்லாம் பெருந்துணைகளே. ஆயினும் ஒரு வரியிலே அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் அயலவர்களேயன்றி இரட்டைப் பிள்ளைகள் அல்ல. ஒருவர் இருக்கவேண்டிய இடத்திலே மற்றவரை நிறுத்தினால் வீடு மாறிப்போகும்.

முரட்டுத்தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை நன்கு விளங்கும். ரஃப், கோர்ஸ், ரகெட், அன்ஈவன், சொப்பி, ஹார்ஷ், ஹோர்ஸ், கிரஃப், ரூட், குரூட் எனப் பத்துச் சொற்களேனும் நாள்தோறும் வழங்குகின்றன. அவற்றைக் கோமாரிக் கரையிலும் கல்முனைக் கடைத்தெருவிலும் காணும் பொருள்களின்மேல் வைத்துப் பார்ப்போம்.

தடவிப் பார்ப்பதும் அரித்துப் பார்ப்பதும்

முதலில் நிற்பது ‘ரஃப்’. இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை இது எனலாம். பழைய ஆங்கிலத்திலே இதற்கு ‘உரோமம் அடர்ந்தது’ என்பதும் பொருள். ‘ரகெட்’ என்பதும் முதலில் சடைத்த உரோமத்தையே குறித்தது. ‘ஹார்ஷ்’ என்பதும் உரோமத்தைக் குறிக்கும் சொல்லொன்றிலிருந்தே பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். செம்மறியின் முதுகைத் தடவிய கையிலே பிறந்த சொற்கள், காலப்போக்கில் வெவ்வேறு ஊர்களுக்குக் குடியேறிவிட்டன.

இன்று ‘ரஃப்’ என்பது முதலாவதாகத் தொட்டறியும் மேற்பரப்பைக் குறிக்கும். பனைமரத்தின் அடி, சீவாத பலகை, உழைத்த உள்ளங்கை ஆகியன ‘ரஃப்’. தமிழிலே சொரசொரப்பு என்பது இதற்கு நேர். சுறாமீனின் தோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் அது வழுவழுப்பாக இருக்கும். வாலிலிருந்து தலைநோக்கித் தடவினாற் கையைக் கீறும். பல் போன்ற நுண்ணிய செதில்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். முற்காலத்துத் தச்சர் மரத்தை இழைத்து மெருகூட்டச் சுறாத்தோலைப் பயன்படுத்தியதும் இக்குணம் பற்றியே.

‘கோர்ஸ்’ என்பதையும் சொரசொரப்பு என்றே பலர் நினைப்பர். ஆனால் ‘ரஃப்’ மேற்பரப்பைப் பார்க்கிறது. ‘கோர்ஸ்’ உள்ளிருக்கும் மணியையும் இழையையும் பார்க்கிறது. மணி பெரிதா? இழை தடிப்பா? அதுவே இங்குள்ள கேள்வி.

நம் வீட்டுச் சமையலறைக்குச் சென்று பாருங்கள். இடித்த மாவை அரிதட்டில் இட்டு அரிக்கிறார்கள். கீழே விழுவது மா; மேலே எஞ்சுவது கப்பி. மேலே எஞ்சுவது ‘கோர்ஸ்’. கீழே விழுவது ‘ஃபைன்’. இந்த ஒரு காட்சியை மனத்திற் பதித்துக்கொண்ட மாணவர் ‘கோர்ஸ்’ என்ற சொல்லை ஒருபோதும் தவறாகக் கையாளமாட்டார்.

அறிவியலாரும் இவ்வாறே அரித்துப் பார்த்துத்தான் அளவு வகுத்தனர். வென்ற்வேர்த் என்னும் அமெரிக்கப் புவியியலறிஞர் 1922 இல் வகுத்த அளவுகோலின்படி, மணியின் குறுக்களவு அரை மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டிருந்தால் அது ‘கோர்ஸ்’ மணல். ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டிருந்தால் ‘ஃபைன்’ மணல். வீடு கட்டுவோர் பருமணல், குறுமணல் என்று பிரிப்பதும் இதனையொத்ததே.

துணிக்கு வருவோம். கல்முனைக்கு அண்மையிலுள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே நூலை இலக்கத்தாற் சொல்வர். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியதாகும். இருபதாம் இலக்க நூல் தடிப்பு; எண்பதாம் இலக்க நூல் மென்மை. தடித்த நூலால் நெய்த துணி ‘கோர்ஸ் குளோத்’. அதே துணியைக் கையால் தடவி, “உடம்பை அராவுகிறதே” என்று சொன்னால் அப்போது அது ‘ரஃப்’. பொருள் ஒன்றே, பார்க்கும் பார்வை வேறு.

அம்பாறை மாவட்டம் நெல்லின் மாவட்டம் ஆகையால் நெல்லையும் பார்த்தல் தகும். ஆங்கிலத்திலே ‘ரஃப் ரைஸ்’ என்றால் உமி நீக்காத நெல். ‘கோர்ஸ் ரைஸ்’ என்றால் தடித்த மணியுள்ள அரிசி. ஒரு சொல் மாறினால் நெல் அரிசியாகிவிடும், விலைப்பேச்சும் மாறிவிடும். வணிகக் கடிதம் எழுதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

‘கோர்ஸ்’ என்பதிலே மெல்லிய இழிவுக் குறிப்பு ஒன்று உண்டு. ‘வழமையான, சாதாரணமான’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தே அது பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சாதாரணம் மெல்ல மெல்ல மட்டம் என்றாயிற்று. குரக்கன், சோளம், சாமை முதலியவற்றை ஆங்கிலத்திலே ‘கோர்ஸ் கிரெயின்ஸ்’ என்று நெடுங்காலம் அழைத்துவந்தனர். சத்து நிறைந்த தானியங்களுக்கு அப்பெயர் தகாது என்று கருதிய இந்திய அரசு, 2018 இல் சிறுதானியங்களைச் சத்துத் தானியங்கள் என்று பெயர் மாற்றி அறிவித்தது. தானியத்துக்கே பெயர் உறுத்துமானால், மனிதரைக் குறிக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும்!

எழுத்திலும் ஓர் எச்சரிக்கை. ‘கோர்ஸ்’ என்றே ஒலிக்கும் இன்னொரு சொல் உண்டு. அது பாடநெறியைக் குறிக்கும். ஒலி ஒன்றாயினும் எழுத்துக் கூட்டல் வேறு. பாடநெறிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பருமணலுக்கு விண்ணப்பித்துவிடலாகாது.

நிலமும் பாதையும்

கைக்கு எட்டாத பெருநிலத்தைச் சொல்வது ‘ரகெட்’. கண்டி, மாத்தளை மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்தவர், அதனை ‘ரகெட்’ என்பர். பாறையும் பிளவும் ஏற்றமும் இறக்கமுமாக அமைந்த நிலம் அது. நம் கரடுமுரடு என்பது இதற்கு அண்மையானது. ஆனால் ‘ரகெட்’ என்பதிலே வலிமையும் ஒரு கம்பீரமும் சேர்ந்திருக்கும். வெயிலும் காற்றும் பட்டு உரமேறிய முதிய கடலோடியின் முகத்தை ‘ரகெட்’ என்றால் அது புகழ்ச்சி. அதே முகத்தைக் ‘கோர்ஸ்’ என்றால் இகழ்ச்சி.

‘அன்ஈவன்’ என்பது மட்டம் இல்லாமையை மாத்திரம் குறிக்கும். அதிலே புகழும் இல்லை, பழியும் இல்லை. ஒரு கால் குட்டையான மேசை நிற்கும் நிலம் ‘அன்ஈவன்’. மேடுபள்ளமான வீதியிலே பஸ் குலுக்கிக் குலுக்கிச் சென்றால், அந்தப் பயணம் ‘பம்பி’. நிலத்தின் அமைப்பு முன்னையது. நம் இடுப்பு அறிந்த செய்தி பின்னையது.

கடல் எப்போது முரடாகும்?

இனி, கோமாரி மக்களுக்கு உயிரோடு பொருந்திய இடத்துக்கு வருவோம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கீழ்க்கரைக் கடல் பொங்கி எழும். அக்கடலை ஆங்கிலத்திலே ‘ரஃப் சீ’ என்பர். இங்கே ‘ரஃப்’ தொடுகையைக் குறிக்கவில்லை, வலிமையைக் குறிக்கிறது. நாம் சொரசொரப்பான கடல் என்பதில்லை. கொந்தளிப்பான கடல் என்கிறோம்.

‘சொப்பி’ என்பது இதனினும் சிறியது. காற்று அடிக்கத் தொடங்கியவுடன் நீரின்மேல் குட்டையான அலைகள் நெருக்கமாக எழுந்து ஒன்றையொன்று வெட்டும். தோணி குலுங்கும், துளி முகத்தில் தெறிக்கும். அந்நிலை ‘சொப்பி’. களப்பும் ‘சொப்பி’ ஆகலாம். ஆழ்கடலிலே நெடிய பேரலைகள் திரண்டு வரும் நிலையை அச்சொல் தாங்காது.

உலக வானிலை நிறுவனத்தின் கடல்நிலை அளவுகோலிலே இச்சொற்களுக்கு எண்ணளவே உண்டு. அலையின் உயரம் 0.5 முதல் 1.25 மீற்றர் வரையாயின் ‘ஸ்லைட்’, 1.25 முதல் 2.5 வரையாயின் ‘மொடரேட்’, 2.5 முதல் 4 வரையாயின் ‘ரஃப்’. 4 முதல் 6 வரையாயின் ‘வெரி ரஃப்’. ஆகவே வானிலை அறிக்கையில் வரும் ‘ரஃப்’ வெறும் வருணனை அன்று. அது ஓர் அளவு. நாலு மீற்றர் என்பது இரண்டு ஆளுயரத்துக்கும் மேல். ‘மொடரேட்’ என்பதைக் கொந்தளிப்பு என்று மொழிபெயர்த்தால், தொழிலுக்குப் போகக்கூடிய ஒருநாளை மீனவர் வீணே இழப்பர். ‘வெரி ரஃப்’ என்பதைச் சற்றுக் கொந்தளிப்பு என்று மொழிபெயர்த்தால், இழக்கக்கூடியது உயிர். 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்த முதியோர் இக்கரையிலே இன்றும் உளர். கடலைப் பற்றிய சொல்லைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாகாது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

செவிக்குப் படும் முரடு

ஒலிக்கும் முரடு உண்டு. இதனை ஆங்கிலேயருக்கு முன்னரே நம் இலக்கணகாரர் கண்டு பெயரிட்டனர். க, ச, ட, த, ப, ற ஆறும் வல்லினம், ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் மெல்லினம், எஞ்சியவை இடையினம். ஒலியைத் தடவிப் பார்த்தவர்போல வன்மை என்றும் மென்மை என்றும் வகுத்தது தமிழ்.

ஆங்கிலத்திலே குரலைப் பற்றி மூன்று சொற்கள் மாணவரை மயக்கும். தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியவரின் குரல் ‘ஹோர்ஸ்’. நாள் முழுவதும் கத்தி விற்கும் மீன் வியாபாரியின் குரலும் மாலையில் ‘ஹோர்ஸ்’. இது தொண்டையின் நிலை. குணத்தைப் பற்றியது அன்று. குதிரையைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே ஒலிக்கும், எழுத்துத்தான் வேறு.

இயல்பாகவே தடித்து, உறுமுவதுபோல் ஒலிக்கும் குரல் ‘கிரஃப்’. பருமை என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. ஊருக்கு ஒரு பெரியவர் இப்படி இருப்பார். “என்ன வேணும்?” என்று அவர் கேட்டாற் பிள்ளைகள் நடுங்குவர், ஆனால் மடியில் இருக்கும் இனிப்பை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. ‘கிரஃப்’ என்ற சொல் வெளியே முரட்டையும், பெரும்பாலும் உள்ளே நல்ல மனத்தையும் இடம்பெற விடும்.

‘ஹார்ஷ்’ அவ்வாறன்று. காதைத் துன்புறுத்தும் ஒலி ‘ஹார்ஷ்’. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் ‘ஹார்ஷ்’. உடலை வாட்டும் வெயில் ‘ஹார்ஷ்’. கேட்பவருக்கோ காண்பவருக்கோ துன்பம் உண்டாவதே இச்சொல்லின் உயிர்.

மனிதருக்குச் சூட்டும் சொற்கள்

மேற்கூறிய உயிர்ப்பொருளே, மனிதரிடம் வரும்போது கொடுமையாகிறது. பிழைக்கு மிஞ்சிய தண்டனை ‘ஹார்ஷ்’. இரக்கமற்ற தீர்ப்பு ‘ஹார்ஷ்’. கோமாரிச் சிறுமியின் வாக்கியம் அப்பெண்மணியைத் திடுக்கிடச் செய்தது இதனாலேயே.

‘ரூட்’ என்பது மரியாதைக் குறைவு. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுதல், வரிசையில் நிற்பவரைத் தள்ளிக்கொண்டு முன்னே செல்லுதல் ஆகியன ‘ரூட்’. இலத்தீன் மொழியிலே ‘ரூடிஸ்’ என்றால் பண்படுத்தப்படாதது என்று பொருள். அதிலிருந்து வெளியேற்றப்பட்டவர், அதாவது கல்வியாற் பண்பட்டவர், ‘எருடைட்’ எனப்படுவர். மரியாதைக் குறைவைக் குறிக்கும் சொல்லும் பெரும்புலமையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் நிற்கின்றன. கல்வி என்பது முரட்டை இழைத்தெடுக்கும் தொழில் என்று பழைய உரோமர் நினைத்தனர் போலும்.

‘குரூட்’ என்பதற்கு மூலம், பச்சையானது, வேகாதது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். நிலத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்காத மசகு எண்ணெய் ‘குரூட் ஒயில்’. பதப்படாத பேச்சும், மறைக்கவேண்டியதை மறைக்காது சொல்லும் பேச்சும் ‘குரூட்’. ‘கோர்ஸ்’ என்பதும் பேச்சைக் குறித்து வரும்போது ஆபாசம் கலந்த கொச்சையையே சுட்டும். ‘ரூட்’ ஆனவர் நம்மை அவமதிக்கிறார். ‘குரூட்’ ஆனவர் நயமறியாதவர். ‘ஹார்ஷ்’ ஆனவர் நம்மைத் துன்புறுத்துகிறார். மூன்றும் மூன்று குற்றம்.

‘ரஃப்’ என்னும் சொல் மனிதரைப் பற்றி வரும்போது முரட்டுத்தனமான கையாளுதலைக் குறிக்கும். பந்தாட்டத்திலே இடித்துத் தள்ளி ஆடுதல் ‘ரஃப் பிளே’. ஆனால் ‘ரஃப் டயமன்ட்’ என்றால் பட்டை தீட்டாத வைரம். மேலே மெருகின்றி உள்ளே உயர்ந்த குணமுடையவரை ஆங்கிலேயர் அவ்வாறு வாஞ்சையோடு அழைப்பர்.

நம் முன்னோரும் சொல்லின் முரட்டை அறியாதவரல்லர். திருக்குறளின் பத்தாம் அதிகாரமாகிய ‘இனியவை கூறல்’, இன்சொல்லுக்கு எதிராக வன்சொல்லை வைத்துப் பேசுகிறது. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமாகிய ஆலு இம்ரானில், நபிகள் நாயகம் அவர்களின் மென்மை இறைவனின் அருளாகப் போற்றப்படுகிறது. அங்கே அதற்கு மாறாகச் சொல்லப்படுவன கடுமையும் வன்னெஞ்சமும். மென்மையை அறிந்தவரே முரட்டை அளந்து சொல்ல வல்லவர்.

முடிவுபெறாத வேலை

‘ரஃப்’ என்பதற்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. அதனை நம் மாணவர் அனைவரும் அறிவர். பள்ளிப் பையிலே ‘ரஃப் கொப்பி’ இல்லாத பிள்ளை யார்? மெருகிடாதது, முடிவுபெறாதது என்பதே இங்கே கருத்து. நன்றாகத் திருத்தி எழுதியது ‘ஃபெயர் கொப்பி’.

இவ்வாறே ‘ரஃப் எஸ்டிமேட்’ என்றால் கரடுமுரடான மதிப்பீடு அன்று, பருமட்டான மதிப்பீடு. ‘பருமட்டு’ என்பது ஈழத்தமிழர் நாவிலே நன்கு வழங்கும் அழகிய சொல். பரிய அளவிலே மட்டிடுதல் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டார் தோராயம் என்றும் குத்துமதிப்பு என்றும் சொல்வர். சேதமான படகுக்கும் வலைக்கும் உதவி கேட்டுப் படிவம் நிரப்புவோர்க்கு இச்சொல்லின் பொருள் தெரிந்திருத்தல் வேண்டும். படிவத்திலே ‘ரஃப் எஸ்டிமேட்’ கேட்டிருந்தால், சதக்கணக்கு வேண்டாம். அண்ணளவான தொகை போதும்.

எதிர்ச்சொல் என்னும் உரைகல்

இத்தனை வேற்றுமைகளையும் எப்படி நினைவில் வைப்பது? எளிய வழி ஒன்றைக் கூறுகிறேன். ஐயம் எழும்போது எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்.

வழுவழுப்பான மேற்பரப்பு ‘ஸ்மூத்’. அதற்கு எதிர் ‘ரஃப்’. நுண்ணிய மணியும் இழையும் ‘ஃபைன்’. அதற்கு எதிர் ‘கோர்ஸ்’. மட்டமானது ‘ஈவன்’, எதிர் ‘அன்ஈவன்’. அமைதியான கடல் ‘காம்’, எதிர் ‘ரஃப்’. மென்மையாக நடத்துபவர் ‘ஜென்டில்’; எதிரானவர் ‘ஹார்ஷ்’. மரியாதையுள்ளவர் ‘பொலைட்’, அஃதில்லாதவர் ‘ரூட்’. சுத்திகரித்ததும் நயமுடையதும் ‘ரிஃபைன்ட்’, எதிர் ‘குரூட்’. திருத்தி எழுதியது ‘ஃபெயர்’, எதிர் ‘ரஃப்’.

உழைத்த கைக்கு எதிர் யாது? மரியாதையுள்ள கையா? அன்று, வழுவழுப்பான கை. ஆகவே அக்கை ‘ரூட்’ ஆகாது. ‘ரஃப்’ என்பதே பொருந்தும். இப்படி ஒருகணம் நின்று கேட்டாற் போதும், பெரும்பிழைகள் நீங்கும்.

மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சி

கீழ்வருவனவற்றுக்கு ஏற்ற ஆங்கிலச் சொல் யாது என்று, விடையைப் பாராமல் எண்ணிப் பாருங்கள். வீட்டிலே அண்ணன் தங்கை சேர்ந்து ஆடுவதற்கும் இது நல்ல விளையாட்டு.

1. சமையலுக்கு வாங்கிய கல்லுப்பு.
2. இரவெல்லாம் இருமியவரின் குரல்.
3. சலாம் சொன்னவருக்குப் பதில் சொல்லாது முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல்.
4. மூன்று மீற்றர் உயர அலை எழும் கடல்.
5. சிறு பிழைக்கு ஒரு மாதம் வகுப்புக்கு வெளியே நிறுத்துதல்.
6. வீடு கட்டுமுன் தாளிலே கிறுக்கிப் பார்க்கும் படம்.
7. பாறையும் பள்ளத்தாக்குமான மலைநாடு.
8. இழைக்காத பலகை.

விடை: 1. கோர்ஸ். 2. ஹோர்ஸ். 3. ரூட். 4. ரஃப். 5. ஹார்ஷ். 6. ரஃப். 7. ரகெட். 8. ரஃப்.

ஆறுக்கு மேற் சரியாகச் சொன்னவர் நன்கு தேறினார். குறைந்தவர் மனம் வருந்தவேண்டியதில்லை. தமிழிலே சொரசொரப்பு, கரடுமுரடு, கரகரப்பு, கொந்தளிப்பு, கடுமை, கொச்சை, பருமட்டு ஆகியவற்றை நாம் எவ்வளவு இயல்பாகப் பிரித்து வழங்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கரகரத்த கடல் என்றோ, கொந்தளித்த பலகை என்றோ எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. தாய்மொழியிலே உள்ள இந்த நுட்பத்தை விழிப்போடு கவனித்தவருக்குப் பிறமொழியின் நுட்பமும் எளிதிற் பிடிபடும். தாய்மொழியை மேலோட்டமாகக் கற்றவர் எந்த அகராதியை வைத்திருந்தும் தடுமாறுவர்.

கோமாரிச் சிறுமிக்கும் அன்று இவ்வழியையே சொல்லிக் கொடுத்தேன். அகராதியை மூடி வைத்துவிட்டு, “உன் அப்பாவின் கை எப்படி இருக்கும்? குரல் எப்படி? உன்னை ஏசுவாரா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் தமிழிலே சொன்னாள். சொன்னதற்கு எதிர்ச்சொல்லையும் சொன்னாள். அதன்பின் ஆங்கிலச் சொல்லைத் தானே தெரிந்தெடுத்தாள்.

மறுநாள் கொண்டுவந்த கட்டுரையிலே மூன்று வரி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் கைகள் ‘ரஃப்’ என்று எழுதியிருந்தாள். அவருடைய குரல் ‘கிரஃப்’ என்று எழுதியிருந்தாள். மூன்றாவது வரியிலே, அவர் ஒருநாளும் எங்களிடம் ‘ஹார்ஷ்’ ஆக இருந்ததில்லை என்று எழுதியிருந்தாள்.

அன்று மாலை, அக்கொப்பியைத் தந்தையிடம் காட்டி, ஒவ்வொரு வரியையும் தமிழிலே வாசித்துச் சொன்னாளாம். அவர் ஒன்றும் பேசாது தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நேர்ந்த பழியும் நீங்கிற்று. உரிய புகழும் உரியவரைச் சேர்ந்தது. சரியான சொல்லைத் தேடி ஒருகணம் நிற்பதன் பயன் அதுவேயாகும்.